ஏழு நாளும் வீட்டுத் துணி

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டின் முன்னறையில் வந்து சேர்ந்தவர்கள் ஐந்து பேர்: இஸ்திரி மாமா, அவருடைய தங்கை, தங்கையின் மகள் சின்னவள், தங்கையின் மகனுக்கு வாழ்க்கைப்பட்ட அண்ணி, பக்கத்து வீட்டுப் புகைப்படக்காரர் ஃபிளாஷ். இவர்களில் ஃபிளாஷ் வந்தது மூன்று மணிக்கு. தங்கையின் மகன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான். அவனுடைய அலமாரி மட்டும் வீட்டில் இருந்தது.

மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தது தெரு. அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் ரயிலில் கார்டு வேலை பார்த்தவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒருநாள்கூடக் கசங்கிய சட்டையோடு வண்டி ஏறியதில்லை. ஓய்வு பெற்று, தங்கை வீட்டோடு வந்து தங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெள்ளைச் சட்டை ஏழு வைத்திருந்தார். காலருக்கு உள்பக்கம் மையால் கிழமை எழுதியிருக்கும். திங்கள் சட்டையைச் செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு அவரை யாரும் பார்த்ததில்லை. கஞ்சி போட்டு, தானே இஸ்திரி போட்டு, தானே மாட்டிக்கொள்வார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

சின்னவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். நான்கு வருடமாக ஊரில் பாதிப் பேர் அவள் சொல்லைக் கேட்டுத்தான் பஸ் ஏறினார்கள், இறங்கினார்கள், தவறவிட்டுத் திட்டினார்கள். ஆனால் அவள் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள், மின்விசிறிக்குக் கீழே, ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவளை உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் கூப்பிட்டு, மதியச் செய்தியை ஒரு வாரம் வாசித்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. ஏழு நாள், ஏழு செய்தி. சரியாக வந்தால் வேலை அவளுக்கு. வராவிட்டால் மறுபடியும் கண்ணாடி அறை.

செய்தி வாசிப்பவர்களுக்கு உடை தருவது கடைவீதியில் இருந்த ஒரு ஜவுளிக்கடை. ஏழு நாளைக்கு ஏழு உடை. சனிக்கிழமை வீட்டுக்குப் பொட்டலமாக அனுப்பிவிடுவார்கள். வாரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செய்தி முடியும்போது திரையின் அடியில் கடையின் பெயர் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஏழு உடையையும் நிலையத்துக்குக் கொண்டுபோய், உடை அறையில் இருக்கும் அம்மாவிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

சனிக்கிழமை சின்னவள் பேருந்து நிலையத்தில் இருந்தாள். பொட்டலம் வரவில்லையே என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்குக் கடைக்காரரின் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறிற்று.

"வந்துச்சா? எப்ப? ... யாரு திருப்பி அனுப்பினது?"

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி செய்தித்தாளைத் திருப்பினார்.

"நான்தான்" என்றார்.

சின்னவள் தொலைபேசியை வைத்தாள். "மாமா?"

"நேத்துப் பதினொன்னே காலுக்கு வந்தது. வாங்கிப் பார்த்தேன். அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். இதுல ஒளிக்கிறதுக்கு ஒன்னும் இல்ல."

"ஏன்?"

"ஏன்னு கேக்குறியா? கடைக்காரன் குடுத்த துணிய உடுத்திக்கிட்டு ஊர் முன்னால உக்காரணும். கீழ அவன் பேரு ஓடும். வாரம் முடிஞ்சதும் கழட்டி அவன் கையில குடுக்கணும். நம்ம வீட்டுப் பொண்ணு என்ன ஜவுளிக்கடை பொம்மையா?"

"பொம்மையாவே இருந்துட்டுப் போறேன் மாமா" என்றாள் சின்னவள். "பொம்மைக்காவது முகம் இருக்கு."

அவள் கத்தவில்லை. பஸ் அறிவிக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மாமாவுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

சமையலறையிலிருந்து தங்கை ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்னண்ணே இது? யாரைக் கேட்டு அனுப்பின? சரி சரி, அழாத கண்ணு, கடைக்காரர்கிட்ட நான் பேசுறேன். திரும்ப அனுப்பச் சொல்லுவோம்."

"நான் அழலம்மா. அவரு அதை விளையாட்டுச் செய்தி வாசிக்கிற பொண்ணுக்குக் குடுத்துட்டாராம். நமக்கு இனிமே கிடையாதாம்."

"புதுசா வாங்கிடலாம்."

"ஞாயித்துக்கிழமை. கடைவீதி பூராவும் ஷட்டர் போட்டிருக்கு."

மாமா செய்தித்தாளை மடித்தார். ஒரு மடிப்பு கோணலாக வந்தது. அதைப் பிரித்து மறுபடி மடித்தார். கார்டாக இருந்த காலத்தில் ஒரே ஒரு பயம்தான் அவருக்கு இருந்தது: படியில் கால் வைத்துக்கொண்டிருக்கும் பயணியைப் பார்க்காமல் பச்சைக்கொடி காட்டிவிடுவது. முப்பத்தொரு வருடம் அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டவர், நேற்று பதினொன்றே காலுக்கு அதைச் செய்திருக்கிறார். வீட்டு மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்து, வீட்டுப் பிள்ளையின் காலை வாரிவிட்டிருக்கிறார். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். எழாமல், மடித்த தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

இதற்குள் அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் ஒரு பெரிய விடுதியில் துணி அறைக்குப் பொறுப்பாளர். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு, அறுநூறு துண்டு அவள் கையால் போய்வரும். விஷயத்தைக் கேட்டாள். கண்ணை மூடி ஐந்து வினாடி நின்றாள்.

"அவங்க குடுத்த விதிமுறை காகிதம் எங்க?"

சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். அண்ணி உரக்கப் படித்தாள். பச்சை கூடாது. சுத்த வெள்ளை கூடாது. பொடிக் கோடு, பொடிக் கட்டம் கூடாது. பளபளப்பு கூடாது. எழுத்தோ படமோ கூடாது. ஒரு தடவை வந்த கோலத்தில் அதே வாரம் இன்னொரு தடவை வரக் கூடாது.

"அவ்வளவுதானா? கடையில வாங்கினதா இருக்கணும்னு எழுதலையே."

"எழுதல..."

"கேமரால உன்னை எங்க வரைக்கும் காட்டுவாங்க?"

சின்னவள் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "மேசை வரைக்கும். அதுக்குக் கீழ தெரியாது."

அண்ணியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப ஏழு உடை வேணாம். ஏழு அரை உடை போதும். அத்தை, உங்க அலமாரி சாவி. நீ உன்னோடதைக் கொண்டா. உங்க அண்ணன் அலமாரியை நான் காலி பண்றேன். எல்லாத்தையும் இங்க தரையில கொட்டுங்க. மாமா, மணி என்ன?"

திடீரென்று தன்னைக் கேட்டதில் மாமா திடுக்கிட்டார். மணிக்கட்டைப் பார்க்காமலே சொன்னார். "ஒன்னு அம்பத்திரண்டு."

"நிலையத்துக்குப் போக எவ்வளவு நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம். ஆறுக்கு அங்க இருக்கணும்னா அஞ்சரைக்கு வாசல் தாண்டணும். மூணு மணி நேரம் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு."

"நீங்கதான் நேரம் சொல்றவரு. அரை மணிக்கு ஒரு தடவை சத்தமா சொல்லுங்க."

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார்.

பத்து நிமிடத்தில் முன்னறை தரை மறைந்துவிட்டது. புடவை, சுடிதார், சட்டை, துப்பட்டா, கல்யாணக் கோட்டு, கல்லூரிக் காலத்துக் கறுப்புக் கம்பளி மேல்சட்டை, மறந்தே போன ஜாக்கெட்டுகள். ஒரு வீட்டில் இவ்வளவு துணி இருக்கும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. தங்கை ஒவ்வொன்றையும் எடுத்து, "ஐயோ, இது இங்கதான் இருக்கா!" என்று கதை ஆரம்பித்தாள்.

"அத்தை, கதை அப்புறம்" என்றாள் அண்ணி. "யாருதுன்னு பாக்காதீங்க. துணி அறையில துணிக்குச் சொந்தக்காரங்க கிடையாது. நிறம் பாருங்க, கழுத்து பாருங்க. மூணே குவியல். ஆகும், ஆக்கலாம், ஆகாது."

ஆகாது குவியல் மளமளவென்று மலையாயிற்று. பச்சை என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் உயிர். அத்தனை பச்சையும் அங்கே போயிற்று. கட்டம் போட்டவை போயின. "ஐ லவ்" என்று ஆரம்பிக்கும் சட்டை ஒன்று அண்ணன் அலமாரியின் அடியிலிருந்து கிடைத்தது. அண்ணி அதை இரண்டு விரலால் தூக்கினாள்.

"இதை எனக்குக் காட்டவே இல்லையே. யாருக்காக வாங்கினாராம்?"

"அவனே வாங்கியிருக்க மாட்டாம்மா, யாராவது சும்மா குடுத்திருப்பாங்க" என்று தங்கை மகனுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"வந்ததும் கேட்டுக்கறேன்" என்று அண்ணி அதை ஆகாதில் எறிந்தாள். சின்னவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

முதல் உடை இரண்டே காலுக்குப் பிறந்தது. சின்னவளின் கருநீலச் சுடிதார் மேல்சட்டை, வேலைக்குப் போட்டுப் போட்டுச் சலித்தது. தங்கையின் கிழிந்த பழம்புடவையிலிருந்து இரண்டு விரல் அகலக் கரும்சிவப்புக் கரையை அண்ணி கத்தரித்து, கழுத்தைச் சுற்றி வைத்து, பெரிய பெரிய தையலாக ஓட்டினாள். சலித்த சட்டை சட்டென்று நிமிர்ந்துகொண்டது. இரண்டாவதற்கு, அண்ணனின் செம்பழுப்புச் சட்டையைச் சின்னவளுக்கு முன்பின்னாக மாட்டி, பொத்தானை முதுகில் போட்டு, காலரை உள்ளே மடித்துத் தைத்தார்கள். முன்னால் பார்த்தால் உயர்ந்த கழுத்து வைத்த, விலை கேட்கப் பயப்படும்படியான ஓர் உடை.

"திரும்பு" என்றாள் தங்கை. சின்னவள் திரும்பினாள். "ஐயையோ, பின்னால பாத்தா பைத்தியம் மாதிரி இருக்கு."

"பின்னால கேமரா இல்லம்மா!"

"ரெண்டரை!" என்று முழங்கினார் மாமா. அவர் குரலில் பழைய கார்டு இருந்தார். நடைமேடை முழுவதும் கேட்கும் குரல். அடுத்த வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

மூன்றாவதற்குக் கல்லூரிக் காலத்துக் கறுப்பு மேல்சட்டையை ஜாக்கெட் போலப் போட்டு, அதன் மேல் தங்கையின் கடுகு மஞ்சள் நூல் புடவை. நான்காவது, சாம்பல் நிறச் சுடிதார் மேல்சட்டையில் அண்ணியின் ஊதா துப்பட்டாவை மடிப்பு மடிப்பாக அடுக்கித் தோளில் குத்தியது. ஐந்தாவதைக் கண்டுபிடித்தது சின்னவளே. கண்ணைப் பறிக்கும் பெரிய ஆரஞ்சுப் பூ போட்ட மேல்சட்டை ஒன்றை ஆகாது குவியலிலிருந்து இழுத்து, உள்ளை வெளியாகத் திருப்பினாள். உள்பக்கம் அதே பூக்கள் மங்கிய பீச் நிறத்தில், பனி மூடியது போல இருந்தன. "அண்ணி! இதைப் பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தங்கை கையில் ஊசியைக் குத்திக்கொண்டாள்.

மாமா நேரம் சொல்வதோடு நிற்கவில்லை. மூலையில் மேசையைப் போட்டு, விரிப்பு விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, ஒவ்வோர் உடையும் கைக்கு வர வர வாங்கித் தேய்த்து, ஹேங்கரில் மாட்டி, கதவு நிலையில் வரிசையாகத் தொங்கவிட்டார். பெண்கள் உடையை அவர் அதுவரை தொட்டுத் தேய்த்ததில்லை. சுருக்கு வைத்த கை, பொத்தான் இல்லாத திறப்பு, எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று தெரியாத துப்பட்டா. இரண்டு தடவை சூட்டைக் குறைத்தார், ஒரு தடவை கூட்டினார். அவருக்கு வேர்த்தது. ஞாயிறு சட்டையின் முதுகு நனைந்தது. அதைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை.

மூன்று மணிக்கு ஃபிளாஷ் வந்தார். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். மாமாவின் குரல் கேட்டு, வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்து வந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும், "அட, என் வீட்டுக்காரி அலமாரியில துணி வெடிச்சு வெளிய வருது. எடுத்துட்டு வரவா?" என்றார்.

மாமா வாயைத் திறந்தார். இந்த வீட்டுக்கு இரவல் வழக்கம் இல்லை என்று சொல்லத்தான். பிறகு, தனக்கு இன்று அதைச் சொல்லும் தகுதி இல்லை என்று மூடிக்கொண்டார்.

சின்னவள் நிமிர்ந்து நின்றாள். "வேணாம்ணா. மத்தவங்க துணிதான்னா கடையோடதே வந்திருக்கலாமே. இப்ப இந்த வீட்டுத் துணிதான். ஏழும்."

அந்தப் பிடிவாதம் எந்த வழியில் வந்தது என்று கேட்பது போலத் தங்கை தன் அண்ணனைப் பார்த்தாள். மாமா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்.

"சரி, துணி வேணாம்னா கண்ணு தர்றேன்" என்றார் ஃபிளாஷ். "என்கிட்ட பச்சைத் திரை இருக்கு. அவங்க நிலையத்துல இருக்குற மாதிரியேதான். பச்சை இருக்குற இடமெல்லாம் கம்ப்யூட்டர்ல மறைஞ்சு வேற படம் வந்துடும். அங்க போய்த் தெரியுறதுக்குப் பதிலா இங்கயே பாத்துக்கலாம்ல?"

நாலே காலுக்குள் ஆறாவதும் ஏழாவதும் தயாராகிவிட்டன. ஆறாவது, தங்கையின் கடல்நிறப் பட்டுப் புடவை. பளபளப்பு மங்கிப் போய் பாந்தமாக இருந்தது. ஏழாவது, அண்ணனின் கல்யாணக் கோட்டு, கையை உள்ளே மடித்து, உள்ளே செங்கல் நிற மேல்சட்டையோடு. கதவு நிலையில் ஏழும் தொங்கியதைப் பார்த்தபோது அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் ஹேங்கர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "இதெல்லாம் நம்ம வீட்டுலயா இருந்துச்சு? இத்தனை நாள் எனக்குப் போட ஒன்னுமே இல்லன்னு சொல்லிட்டு இருந்தேனே!"

"வாரா வாரம் சொல்லுவ" என்றாள் தங்கை.

ஃபிளாஷ் சுவரில் பச்சைத் துணியை மாட்டி, கேமராவை நிறுத்தி, மடிக்கணினியைத் திறந்தார். சின்னவள் ஒவ்வொன்றாக உடுத்தி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். பச்சை மறைந்து பின்னால் வானமும் மேகமும் வந்தன. கருநீலம் தேறியது. செம்பழுப்பு தேறியது. கடுகு மஞ்சள் வந்தபோது ஃபிளாஷ் விசிலடித்தார்.

கடல்நிறப் புடவையோடு உட்கார்ந்தாள்.

திரையில் சின்னவளின் தலையும் கையும் இருந்தன. நடுவில் மேகம் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா" என்றார் ஃபிளாஷ் மாமாவைப் பார்த்து. "உங்க தங்கச்சி பொண்ணு வயித்துல மழை வரும் போல இருக்கு."

தங்கை திரைக்கும் மகளுக்குமாக மாறி மாறிப் பார்த்தாள். "அது நீலம்டா! கடையில நீலம்னு சொல்லித்தான் குடுத்தான்!"

"உங்களுக்கு நீலம். கம்ப்யூட்டருக்குப் பச்சை."

"நாலு நாப்பத்தொன்னு" என்றார் மாமா. இந்தத் தடவை முழங்கவில்லை.

அண்ணி ஆக்கலாம் குவியலில் பாய்ந்தாள். ஒன்று சிறுத்துப் போனது, ஒன்று சாயம் போனது. எடுத்து எறிந்துகொண்டே வந்தாள். அடியில் தரை தெரிந்தது. "ஆறுதான்" என்றாள். "ஆறு வெச்சு ஏழு நாள் வராது. முதல் நாளோடதையே கடைசி நாள் போட்டா?"

"கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றாள் சின்னவள். முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் இன்னும் மேகம் போய்க்கொண்டிருந்தது. "ஆறு இருந்தா எடுத்துக்க மாட்டாங்க அண்ணி. அந்தம்மா ரொம்பக் கண்டிப்பு. ஏழும் சரியா இருந்தாத்தான் நாளைக்கு நாற்காலில உக்கார விடுவாங்க."

அந்த வீட்டில் திறக்காத அலமாரி ஒன்றே ஒன்றுதான், மாமாவின் அறையில். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். அதில் இருப்பது அத்தனையும் வெள்ளை, வெள்ளை கூடாது, அப்படியே கூடுமென்றாலும் அதைக் கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தன் அறைக்குள் போனார். சனி என்று எழுதிய சட்டையோடு வந்தார். கஞ்சியில் மொடமொடவென்று, அட்டையில் வெட்டியது போல இருந்தது.

"மாமா, வெள்ளை ஆகாதே" என்றாள் அண்ணி மெதுவாக.

"தெரியும். டீத்தூள் எங்க இருக்கு?"

"எதுக்குண்ணே, இப்பப் போய் டீயா?" என்றாள் தங்கை.

"முப்பத்தொரு வருஷம் வெள்ளைச் சட்டைய எதுகிட்ட இருந்து காப்பாத்தினேன்னு நினைக்கிற? ஓடுற வண்டியில, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் டீகிட்ட இருந்துதான். ஒரு சொட்டு விழுந்தா போகவே போகாது. பெரிய பாத்திரம் எடு."

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. டீத்தூள் டப்பா முழுவதும் உள்ளே போயிற்று. ஒரு கை உப்பும் போட்டார்கள். சமையலறை முழுவதும் கசப்பான, சூடான வாசனை. ஐந்து பேரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றார்கள். மாமா சட்டையை இரண்டு கையாலும் ஒரு கணம் பிடித்திருந்தார். பிறகு தலைகீழாக உள்ளே இறக்கினார். கரண்டிக் காம்பால் அமுக்கினார். வெள்ளை மேலே ஒரு குமிழாக எழும்பி, பழுத்து, மூழ்கியது.

"அண்ணே" என்றாள் தங்கை திடீரென்று. "கஞ்சிய அலசினியா?"

மாமா கரண்டியோடு நின்றார். அலசவில்லை. சட்டைக்குக் கஞ்சி போடுவதை மட்டுமே அறிந்தவர் அவர். கஞ்சியைப் போக்க வேண்டிய தேவை அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"கஞ்சி இருக்குற இடத்துல சாயம் பிடிக்காதே! திட்டுத் திட்டா வந்துடுமே!"

"எடுக்கலாமா?"

"இனிமே எடுத்து என்ன பண்றது, இருக்கட்டும்!"

பத்து நிமிடத்தை மாமா வினாடி வினாடியாக எண்ணினார். நாலு ஐம்பத்தெட்டுக்கு இடுக்கியால் சட்டையை வெளியே எடுத்து, குளிர்ந்த நீரில் முக்கி, தூக்கிப் பிடித்தார்.

உடம்பும் கையும் நல்ல தேன் கலந்த பழுப்பாக இருந்தன. ஆனால் காலரிலும், பொத்தான் பட்டையிலும், மணிக்கட்டுப் பட்டையிலும், அதாவது மாமா கஞ்சியை அழுத்தி அழுத்தித் தேய்த்த இடங்களில், சாயம் பாதிதான் ஏறியிருந்தது. அவை மட்டும் வெளிர் பால்நிறத்தில் நின்றன. விளிம்பில் இரண்டு நிறமும் கலங்காமல் கோடு போட்டதுபோல் பிரிந்திருந்தன.

மாமா தலை குனிந்தார். "கெட்டுப் போச்சு."

"யாரும் தொடாதீங்க" என்றாள் அண்ணி. கையை நீட்டி எல்லோரையும் தடுத்தாள். "மாமா, அதை அப்படியே இஸ்திரி மேசைக்குக் கொண்டுபோங்க. ஒரு சொட்டு கஞ்சிகூடப் போகக் கூடாது. ரெண்டு துணிய வெட்டித் தெச்சா மாதிரி இருக்கு. இப்படி ஒன்னு யாராலயும் வேணும்னு பண்ண முடியாது!"

ஈரச் சட்டையை மேலும் கீழும் துண்டு வைத்து மாமா தேய்த்தார். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. ஒரு துண்டு நனைந்தால் தங்கை அடுத்ததை நீட்டினாள். ஃபிளாஷ் மின்விசிறியைத் தூக்கிப் பிடித்தார். அண்ணி ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு தயாராக நின்றாள். சின்னவள் மேசைக்கு எதிரே வந்து, கைப்பட்டையை நீவிப் பிடித்தாள்.

"உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார் மாமா, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்து. கேக்காம அனுப்பினது தப்பு. மன்னிச்சுக்க."

ஆவிக்கு அந்தப் பக்கம் சின்னவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன் மாமா."

"போட்டிருக்கலாம்."

"ஆனா கேட்டிருக்கணும்."

"ஆமா."

"அந்தப் பக்கம் இன்னும் ஈரமா இருக்கு, பாருங்க" என்றாள் அவள். அவர் பார்த்தார்.

ஐந்து இருபதுக்குச் சட்டை காய்ந்தது. சின்னவளுக்கு அது தொளதொளவென்று கூடாரமாக இருந்தது. அண்ணி முதுகுப் பக்கத்தை இழுத்துப் பிடித்துப் பதினொரு ஊக்கு குத்தினாள். சின்னவள் முக்காலியில் உட்கார்ந்தாள். ஃபிளாஷ் பொத்தானை அழுத்தினார். வானத்துக்கும் மேகத்துக்கும் முன்னால் தேன் நிறச் சட்டையும் பால்நிறக் காலருமாக ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலர் அசையவில்லை. கழுத்தைச் சுற்றிக் கத்தி போல நின்றது.

"மாமா மாதிரியே உக்காந்திருக்கா" என்றாள் தங்கை.

"சனிக்கிழமை நீ என்ன போடுவண்ணே?" என்று அவளே கேட்டாள்.

"பனியனோட உக்காந்து செய்தி பாக்கறேன். அஞ்சு இருபத்தொன்பது. கிளம்புங்க!"

மாமா, அண்ணி, சின்னவள் மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். உடைகள் ஹேங்கரோடு மாமாவின் கையில் இருந்தன. வழியெல்லாம் அவர் அவற்றை இருக்கையில் படவிடவில்லை. கையைத் தூக்கியே பிடித்திருந்தார். ஐந்து ஐம்பத்தாறுக்கு நிலையத்தின் உடை அறை.

உடை அறை அம்மா சங்கிலி கோத்த கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். கிழமை எழுதிய சீட்டை ஒவ்வொன்றிலும் குத்திக்கொண்டே வந்தாள். பழுப்புச் சட்டையில் நின்றாள். முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள்.

"டீ வாசனை வருது."

"கேமராவுக்கு மூக்கு கிடையாதே" என்றாள் அண்ணி.

உடை அறை அம்மாவின் உதடு ஓரத்தில் துடித்தது. சனி என்ற சீட்டை எடுத்து அதில் குத்தினாள். காலருக்கு உள்ளேயும் சனி என்றுதான் எழுதியிருந்தது; அதை அவள் பார்க்கவில்லை. ஏழும் ஒப்புதல் ஆயிற்று.

"எந்தக் கடை?" என்று பேனாவைத் திறந்தாள். "கடைசியில பேர் போடணும்."

அண்ணியும் சின்னவளும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் சின்னவளைப் பார்த்தார். "அவளைக் கேளுங்க" என்றார்.

"கடை இல்லம்மா" என்றாள் சின்னவள். "அந்த வரியே வேணாம்."

திங்கட்கிழமை ஒரு மணிக்கு, கருநீலத்திலும் கரும்சிவப்புக் கரையிலும் சின்னவள் ஊருக்கு வணக்கம் சொன்னாள். பேருந்து நிலையத்துக் காத்திருப்பு அறையில் தொலைக்காட்சி முன்னால் நின்ற ஓட்டுநர் ஒருவர், "இது நம்ம ரெண்டாம் நடைமேடைக் குரலாச்சே!" என்று கத்தினாராம். வெள்ளிக்கிழமை, பூப்போட்ட உள்பக்கம் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பெண்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். சனிக்கிழமை மாமா சொன்னபடியே பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். செய்தி முடிந்தது. கேமரா, ஒப்பனை, ஒலி என்று பெயர்கள் ஓடின. உடை என்ற வரி ஓடவில்லை. அவர் கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஞாயிறு செய்தி வாசித்து முடித்த கையோடு, மறுநாளும் வரச் சொல்லிச் சின்னவளிடம் கடிதம் கொடுத்தார்கள்.

அந்த வாரத்தில், ஏழு உடையையும் மாமா ரகசியமாகக் கடைக்காரர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சித் திரும்ப வாங்கி வந்தார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. இப்போதும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். அவர் போகவில்லை, யாரையும் அனுப்பவில்லை. ஏழும் வீட்டுத் துணி.